தொலைதூரச் சிவப்புப் பேரடைகள்: விண்மீன் பிறப்பையும் மையக் கருந்துளையையும் பிரித்தறிய எந்த வழியை எடுப்பது?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடும் எங்கள் வானியல் படிப்பு வட்டத்துக்கு வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய மூன்று இடங்களிலிருந்து வரும் முதுகலை இயற்பியல் மாணவர்கள் மூவர், தங்கள் இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்துக்கு ஒரே பொருளை எடுத்துக்கொண்டு ஒரே இடத்தில் தடுமாறி நிற்கிறார்கள். பிரபஞ்சத்தின் இளமைக் காலத்தைச் சேர்ந்த சிவப்பு நிறப் பேரடைகளில், அதாவது கேலக்ஸிகளில், புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றனவா, அவற்றின் மையத்தில் உள்ள கருந்துளை வாயுவை விழுங்கி ஒளிர்கிறதா என்பதுதான் அவர்கள் எடுத்த பொருள். "சார், எக்ஸ் கதிரா, அகச்சிவப்பா, ரேடியோவா? எதை எடுத்தால் ஆறு மாதத்தில் உருப்படியாக ஒன்றைச் சொல்ல முடியும்?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். இதே கேள்வியோடு நிற்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று, அவர்களிடம் இரண்டு வாரங்களாகப் பேசியதை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

## எந்தப் பேரடைகளைப் பற்றிப் பேசுகிறோம்

2003-ஆம் ஆண்டில் ஃபிராங்க்ஸ் தலைமையிலான குழு, சிலி நாட்டில் உள்ள மிகப்பெரும் தொலைநோக்கியால் ஹபிள் தெற்கு ஆழ்புலத்தை அண்மை அகச்சிவப்பில் படமெடுத்து, ஜே பட்டைக்கும் கே பட்டைக்கும் இடையிலான நிற வேறுபாடு (இரண்டு பட்டைகளிலும் அளந்த ஒளிப்பொலிவு எண்களின் கழித்தல்) 2.3-க்கு மேல் உள்ள பேரடைகளைத் தனியே பிரித்தது. ஜே பட்டை 1.25 மைக்ரான் அருகிலும், கே பட்டை 2.2 மைக்ரான் அருகிலும் அமைந்தவை. வயதான விண்மீன்களின் ஒளி 4,000 ஆங்ஸ்ட்ராம், அதாவது 0.4 மைக்ரான், அலைநீளத்துக்குக் கீழே திடீரென்று குறையும். செம்பெயர்ச்சி, அதாவது பிரபஞ்ச விரிவால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு, 2-க்கு மேலே போகும்போது அந்தப் படி அகச்சிவப்புக்கு நகர்ந்து இந்த இரண்டு பட்டைகளுக்கு நடுவே வந்து விழுவதால், அத்தகைய பேரடை ஜே-யில் மங்கியும் கே-யில் பிரகாசமாகவும் தெரியும். செம்பெயர்ச்சி 2 என்றால், பெருவெடிப்புக்குப் பிறகு சுமார் 330 கோடி ஆண்டுகள் மட்டுமே கடந்திருந்த காலம்.

சிக்கல் என்னவென்றால், சிவப்பாக இருப்பதற்கு ஒன்றுக்கும் மேற்பட்ட காரணங்கள் உண்டு. காசிமேட்டில் கரையேற்றிப் போட்டிருக்கும் பழைய நங்கூரம் வயதால் சிவந்தது. மணலிப் பக்கம் மாலையில் மங்கலாக இறங்கும் சூரியன் இடையில் இருக்கும் தூசாலும் புகையாலும் சிவந்தது. பேரடைகளிலும் அப்படித்தான்: விண்மீன் பிறப்பு ஓய்ந்து மூத்துப்போன பேரடையும், ஆண்டுக்கு நூறு சூரிய நிறை அளவுக்கு விண்மீன்களைப் பெற்றுக்கொண்டு தூசுக்குள் ஒளிந்திருக்கும் பேரடையும் ஜே–கே நிறத்தில் ஒன்றுபோலவே தெரியும். செம்பெயர்ச்சி 2-க்குக் கீழே உள்ள தூசு நிறைந்த பேரடைகளும் இந்த வடிகட்டியில் கணிசமாக நுழைந்துவிடும். இவை எதிலும் மையக் கருந்துளை விழித்திருக்கலாம், உறங்கிக்கொண்டும் இருக்கலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஒரு வழிமுறை விண்மீன் பிறப்பையும் கருந்துளையின் செயல்பாட்டையும் தனித்தனியே காட்டுகிறதா, தூசு அதை எவ்வளவு ஏமாற்றுகிறது, எத்தனை பேரடைகளுக்கு அதைப் பயன்படுத்தலாம், தரவு பொதுவில் கிடைக்கிறதா, எட்டு ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் ஆறு மாதத்துக்குள் முடியுமா என்பவை எல்லோரும் வைக்கும் அளவுகோல்கள். இவற்றுக்கு மேலாக நான் ஒன்றை வைக்கிறேன்: ஒரு பேரடை அந்த அலைநீளத்தில் தென்படவில்லை என்றால், அந்த மௌனத்துக்கு என்ன பொருள்? தொலைதூரப் பேரடை ஆய்வில் பெரும்பாலான பொருள்கள் பெரும்பாலான கருவிகளுக்குத் தென்படுவதில்லை. ஆகவே, தென்பட்டவற்றைப் பற்றி ஒரு வழிமுறை என்ன சொல்கிறது என்பதைவிட, தென்படாதவற்றைப் பற்றி அது என்ன சொல்ல அனுமதிக்கிறது என்பதே ஆய்வேட்டின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

## எக்ஸ் கதிர்

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999-இல் ஏவப்பட்ட சந்திரா விண்கலம், சந்திரா தெற்கு ஆழ்புலம் எனப்படும் (மேலே சொன்ன ஹபிள் புலத்திலிருந்து வேறான) வானத்தின் ஒரு சிறு துண்டை மொத்தம் 70 லட்சம் வினாடிகள், அதாவது ஏறத்தாழ 81 நாள்கள், உற்றுப் பார்த்திருக்கிறது. 2017-இல் வெளியான அதன் பட்டியலில் 1,008 எக்ஸ் கதிர் மூலங்கள் உள்ளன. உலை என்னும் விண்மீன் குழுவில் உள்ள இந்தத் துண்டு, டிசம்பர் மாத இரவு பத்து மணிவாக்கில் திருவொற்றியூர் மொட்டைமாடியிலிருந்து நேர்தெற்கே, அடிவானத்துக்கும் தலையுச்சிக்கும் பாதி உயரத்துக்குச் சற்று மேலே இருக்கும். வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. இருந்தாலும், ஆறு மாதம் எந்த இடத்தோடு வாழப் போகிறோம் என்று ஒருமுறையாவது நிமிர்ந்து பார்த்துவிடுவது நல்லது என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

கருந்துளையைப் பிடிக்க எக்ஸ் கதிரைவிட நம்பகமான சான்று குறைவு. செம்பெயர்ச்சி 2-இல் உள்ள ஒரு பேரடையிலிருந்து நாம் 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை பெறும் கதிர், அங்கிருந்து கிளம்பும்போது 6 முதல் 24 வரை ஆற்றல் கொண்டதாக இருந்தது. அவ்வளவு ஊடுருவும் கதிரை மிதமான தூசும் வாயுவும் தடுப்பதில்லை. விண்மீன் பிறப்பும் எக்ஸ் கதிரைத் தரும் என்றாலும், ஆண்டுக்கு நூறு சூரிய நிறை பிறக்கும் பேரடைகூட பெரும்பாலும் வினாடிக்கு 10-இன் 42-ஆம் அடுக்கு எர்க் (எர்க் ஓர் ஆற்றல் அலகு) என்ற எல்லையைத் தாண்டுவதில்லை. அதற்கு வெகு மேலே ஒளிரும் ஒன்றைக் கருந்துளை என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை.

மறைமுகச் செலவு, நான் சொன்ன மௌனத்தில் இருக்கிறது. கருந்துளையைச் சுற்றியுள்ள வாயு மிக அடர்த்தியாகிவிட்டால் எக்ஸ் கதிரும் வெளியே வராது. அத்தகைய மூடுண்ட கருந்துளைகள் தூசு நிறைந்த பேரடைகளில்தான் அதிகம் எதிர்பார்க்கப்படுகின்றன. ஆகவே "எக்ஸ் கதிர் இல்லை, எனவே கருந்துளை உறங்குகிறது" என்று எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே நிறுத்திவிடுவார். சந்திராவின் கூர்மை புலத்தின் நடுவில் அரை வில்வினாடி (ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கே ஒரு வில்வினாடி), விளிம்பில் அதைவிடப் பல மடங்கு மோசம் என்பதால், 70 லட்சம் வினாடிகள் என்ற ஆழம் நடுப்பகுதிக்கு மட்டுமே பொருந்தும். தென்படாத பல பேரடைகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண விரும்பினால் சந்திராவின் மென்பொருள் தொகுப்பு தேவை. அது லினக்ஸிலும் மேக்கிலும்தான் நேரடியாக ஓடும். விண்டோஸ் மட்டுமே பழகியவருக்கு முதல் மூன்று வாரங்கள் அதிலேயே போய்விடும்.

## நடு அகச்சிவப்பு

இந்த மூவரில் இருவர் முதலில் இதைத்தான் விரும்பினார்கள், அதற்கு நியாயமும் இருந்தது. தூசு விழுங்கிய ஒளி வெப்பமாக மாறி அகச்சிவப்பில் வெளியே வந்தாக வேண்டும். 2003-இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் விண்கலத்தின் 24 மைக்ரான் பட்டை, செம்பெயர்ச்சி 2-க்கு அருகே உள்ள பேரடைகளுக்கு வாய்ப்பாக அமைந்தது: விண்மீன் பிறக்கும் இடங்களில் உள்ள கார்பன் மூலக்கூறுகள் 7.7 மைக்ரானில் தரும் பட்டை, அங்கிருந்து மூன்று மடங்குக்குச் சற்று மேல் நீண்டு சரியாக 24-இல் வந்து விழுகிறது. 2006-இல் பாபோவிச் தலைமையிலான குழு, இதே தெற்குப் புலத்தில் சுமார் 150 தொலைதூரச் சிவப்புப் பேரடைகளை இந்த வழியில் ஆராய்ந்து, நிறை மிக்க பேரடைகளில் பல அன்று இன்னும் வேகமாக விண்மீன்களை உருவாக்கிக்கொண்டிருந்தன என்றும், ஏறத்தாழ கால்வாசி வரை செயல்படும் கருந்துளையைக் கொண்டிருக்கலாம் என்றும் காட்டியது.

கருந்துளையைக் கண்டுபிடிக்கவும் அகச்சிவப்புக்கு ஒரு வழி உண்டு. விண்மீன்களின் ஒளி 1.6 மைக்ரானில் ஒரு மேடாக உயர்ந்து பிறகு இறங்கும். செம்பெயர்ச்சி 2-இல் அந்த மேடு 4.8 மைக்ரானில் தெரியும். கருந்துளையை ஒட்டிய சூடான தூசு ஒளிர்ந்தால் மேடு மறைந்து, 3.6-இலிருந்து 8 மைக்ரான் வரை ஒளி சீராக ஏறிக்கொண்டே போகும். எக்ஸ் கதிர் வெளியே வராத கருந்துளையும் இப்படித் தன்னைக் காட்டிக்கொள்ளும் என்பதால், இது சந்திராவின் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

ஆனால் இந்த வழியின் மறைமுகச் செலவுதான் எல்லாவற்றிலும் பெரியது என்பது என் கருத்து. ஸ்பிட்சரின் கண்ணாடி 85 சென்டிமீட்டர் மட்டுமே. 24 மைக்ரானில் அதன் ஒளிப்புள்ளி ஆறு வில்வினாடி அகலம் என்பதால், ஒரு புள்ளிக்குள் இரண்டு மூன்று பேரடைகள் கலந்துவிடும். ஒற்றை 24 மைக்ரான் அளவை எடுத்து, நம் அருகில் உள்ள பேரடைகளின் வார்ப்புருவைப் பொருத்தி, விண்மீன் பிறப்பு வீதத்தைக் கணக்கிட்டால், மிகப் பிரகாசமானவற்றுக்கு அது பல மடங்கு கூடுதலாக வந்துவிடும். ஹெர்ஷல் விண்கலம் 2009-க்குப் பிறகு தொலை அகச்சிவப்பில் நேரடியாக அளந்தபோதுதான் அது தெளிவானது. கூடுதலாக வந்த அந்தப் பங்கில் மறைந்த கருந்துளையின் வெப்பமும் கலந்திருக்கக்கூடும். அதாவது, பிரித்தறிய வேண்டிய இரண்டும் ஒரே எண்ணுக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. அதனால், 24 மைக்ரானை மட்டும் வைத்து ஒரு விண்மீன் பிறப்பு வீதத்தை எழுதி, அதை இறுதி முடிவாகக் காட்டும் ஆய்வேட்டை நான் ஏற்க மாட்டேன். பழைய நிற எல்லைகளைக் கொண்டு கருந்துளைகளைத் தேர்ந்தால், செம்பெயர்ச்சி 2-க்கு மேலே சாதாரணப் பேரடைகளும் அந்த எல்லைக்குள் நுழைந்துவிடும். 2012-இல் டான்லி குழு திருத்தித் தந்த கடுமையான எல்லையையே பயன்படுத்த வேண்டும்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் 6.5 மீட்டர் கண்ணாடி கலப்புச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கிறது. அதன் நடு அகச்சிவப்புப் படங்கள் மூடிய வானப்பரப்பு சிறியது, எனவே கிடைக்கும் பேரடைகளின் எண்ணிக்கை குறைவு.

## ரேடியோ

புனே அருகே கோடாட்டில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களோடு நிற்கும் மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி நம் நாட்டுடையது, அதன் காப்பகம் திறந்திருக்கிறது என்பதால் திருவொற்றியூர் மாணவர் இதில் ஆர்வமாக இருந்தார். ரேடியோ அலையைத் தூசு தடுப்பதே இல்லை. விண்மீன் பிறப்புக்கும் ரேடியோ ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பும் உறுதியானது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும். செம்பெயர்ச்சி 2-இல் ஆண்டுக்கு நூறு சூரிய நிறை உருவாக்கும் பேரடை, 1.4 கிகாஹெர்ட்ஸில் சில மைக்ரோஜான்ஸ்கி (ரேடியோ ஒளிர்வின் அலகு) மட்டுமே தரும்; 3 கிகாஹெர்ட்ஸில் அது இன்னும் குறைந்துவிடும். அமெரிக்காவில் பல கிண்ணங்களை வரிசையாகக் கொண்ட விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி, காஸ்மாஸ் எனப்படும் வேறொரு வானப்புலத்தில் எடுத்த 3 கிகாஹெர்ட்ஸ் படத்தின் இரைச்சலே 2.3 மைக்ரோஜான்ஸ்கி. ஐந்து மடங்கு இரைச்சலைத் தாண்ட வேண்டும் என்று வைத்தால், ஆண்டுக்குப் பல நூறு சூரிய நிறை பிறக்கும் அபூர்வமான பேரடைகள் மட்டுமே தென்படும். கருந்துளைகளிலும் ரேடியோவில் உரக்கப் பேசுபவை சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆக, ரேடியோவின் மௌனத்துக்குப் பெரும்பாலும் பொருளே இல்லை. தரவைச் சுத்தம் செய்யும் கலையைக் கற்பதே நோக்கம் என்றால் இது அருமையான வழி. சிவப்புப் பேரடைக் கேள்விக்கு விடை தேடுகிறவர் இதைத் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

## நிறமாலை

செம்பெயர்ச்சி 2.3-இல் ஹைட்ரஜனின் ஹெச்-ஆல்ஃபா கோடு 2.17 மைக்ரானில், கே பட்டைக்குள் வந்து விழும். அதன் அருகில் உள்ள நைட்ரஜன் கோடும், ஆக்சிஜன், ஹெச்-பீட்டா கோடுகளும் சேர்ந்து கிடைத்தால், வாயுவைச் சூடாக்குவது இளம் விண்மீன்களா கருந்துளையா என்று ஒவ்வொரு பேரடைக்கும் தனியே சொல்லலாம்.

மௌனத்துக்குப் பொருள் இருக்கும் வழி இதுதான். 2006-இல் கிரீக் தலைமையிலான குழு, சிலியில் உள்ள ஜெமினி தெற்குத் தொலைநோக்கியால் நிறை மிக்க 20 பேரடைகளின் அண்மை அகச்சிவப்பு நிறமாலையை எடுத்தபோது, 9 பேரடைகளில் கோடுகளே தென்படவில்லை. தொடரொளியில் இருந்த படியைக் கொண்டே அவற்றின் தொலைவு தெரிந்துவிட்டதால், கோடு இல்லை என்பதை விண்மீன் பிறப்பு ஓய்ந்துவிட்டது என்று படிக்க முடிந்தது. கோடு தென்பட்ட 11-இல் குறைந்தது 4, கருந்துளையால் ஒளிர்ந்தவை என்று அடுத்த ஆண்டில் அதே குழு காட்டியது. அத்தனை உழைப்புக்கும் கிடைத்தவை 20 பேரடைகள் என்பதுதான் இந்த வழியின் விலை.

புதிதாகத் தொலைநோக்கி நேரம் வாங்குவது மாணவருக்கு நடக்காத காரியம். "காவலூருக்குப் போய் நாமே எடுக்க முடியாதா சார்?" என்று கேட்ட தண்டையார்பேட்டை மாணவிக்கு, காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு இந்தப் பேரடைகள் எட்டாதவை என்று சொல்ல வருத்தமாகத்தான் இருந்தது. ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியால் எடுத்த மாஸ்டெஃப் நிறமாலை ஆய்விலிருந்தும் வெப்பிலிருந்தும் சுத்தம் செய்த நிறமாலைகள் இன்று பொதுவில் கிடைக்கின்றன. ஆனால் யாருக்கு நிறமாலை எடுக்கப்பட்டது என்பதை வேறொருவர் வேறொரு நோக்கத்தோடு தீர்மானித்திருப்பார். கோடு பளிச்சென்று இருப்பவையே அதில் மிகுந்திருக்கும். மேலும், இளம் பிரபஞ்சத்தில் விண்மீன் பிறக்கும் வாயுவே அருகில் உள்ளதைவிட வேறு நிலையில் இருந்ததால், அருகில் உள்ள பேரடைகளுக்கு வகுத்த எல்லைக்கோட்டை அப்படியே போட்டால் சில பேரடைகளைக் கருந்துளை என்று தவறாக முத்திரை குத்திவிடுவோம்.

## பல்பட்டை ஒளிப்பொருத்தம்

புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை இருபது, முப்பது பட்டைகளில் அளந்த ஒளியை, விண்மீன்களின் வயது, தூசு, கருந்துளையின் பங்கு ஆகியவற்றைக் கொண்ட மாதிரிகளோடு ஒப்பிடுவது இந்த வழி. 2014-இல் வெளியான முப்பரிமாண ஹபிள் ஆய்வின் பட்டியலில், ஐந்து புலங்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் அளவீடுகள் தயாராக உள்ளன. அட்டவணையைக் கையாள டாப்கேட், பொருத்துவதற்குச் சிகால் போன்ற இலவச மென்பொருள்கள் போதும். நங்கூரத்தையும் மாலைச் சூரியனையும் பிரிப்பதில் இது நன்றாகவே தேறுகிறது: யூ, வி, ஜே ஆகிய மூன்று பட்டைகளிலிருந்து வரும் யூ–வி, வி–ஜே என்ற இரண்டு நிறங்களைச் சேர்த்து வரைந்தாலே, மூத்த பேரடைகளும் தூசுப் பேரடைகளும் பெரும்பாலும் தனித்தனி மூலைகளில் போய் உட்காரும்.

மற்ற வழிகளுக்கு மௌனம் சிக்கல் என்றால், இந்த வழிக்கு மௌனமே கிடையாது என்பதுதான் சிக்கல். எதைக் கொடுத்தாலும் அது ஒரு விடையைத் திருப்பித் தரும். அகச்சிவப்புத் தரவே இல்லாத பேரடைக்கும் "கருந்துளையின் பங்கு 12 விழுக்காடு" என்று ஒரு எண் வந்து நிற்கும். அந்த எண் தரவிலிருந்து வந்ததா, நாம் வைத்த அனுமானத்திலிருந்து வந்ததா என்று சோதிக்காமல் அட்டவணையில் ஏற்றக்கூடாது. சோதிக்கும் வழி எளிது: கருந்துளை இல்லாத மாதிரிகளை மட்டும் வைத்து ஒருமுறை பொருத்திப் பார்த்து, இரண்டு பொருத்தங்களிலும் பிழை ஒன்றாகவே இருந்தால், அந்தப் பங்கைச் சொல்லாமல் விட்டுவிட வேண்டும்.

இன்னும் இரண்டு செலவுகள் உண்டு. ஐந்து அளவுருக்களுக்குப் பத்துப் பத்து மதிப்புகள் கொடுத்தால் ஒரு லட்சம் மாதிரிகள். ஆறாவதைச் சேர்த்தால் பத்து லட்சம். அக்காவுக்கு அரசுப் பள்ளியில் கிடைத்த பழைய மடிக்கணினியில் வேலை செய்கிறவர் இதை முதல் நாளே நினைவில் கொள்ள வேண்டும். அடுத்தது, 2.3 என்ற எல்லை, வேகா விண்மீனைச் சுழியாகக் கொண்டு ஒளிப்பொலிவை எண்ணும் வேகா அளவுமுறையில் சொல்லப்பட்டது. இன்றைய பட்டியல்கள் சுழியை வேறு விதமாக வைக்கும் ஏபி அளவுமுறையைத் தழுவியவை, அதில் அந்த எல்லை சுமார் 1.3. எங்கள் வட்டத்தில் முன்பு ஒரு மாணவர் மாற்றாமல் 2.3-ஐயே போட்டு, பேரடைகளே இல்லை என்று ஒரு மாதம் தேடிக்கொண்டிருந்தார்.

## ஒரே பார்வையில்

| வழி | விண்மீன் பிறப்பு | மையக் கருந்துளை | தென்படாவிட்டால் | எத்தனை பேரடைகள் | ஆறு மாதத்தில் |
|---|---|---|---|---|---|
| எக்ஸ் கதிர் | அடுக்கிப் பார்த்தால் மட்டும் | மிக நம்பகமானது | உறக்கமா மறைப்பா என்று சொல்ல முடியாது | நடுத்தரம் | பட்டியலை வைத்து முடியும் |
| நடு அகச்சிவப்பு | கிடைக்கும், கூடுதலாக வரும் | மறைந்தவையும் தெரியும் | ஓரளவு பொருள் உண்டு | நடுத்தரம் | முடியும் |
| ரேடியோ | மிக வேகமானவை மட்டும் | பத்தில் ஒரு பங்கு | பொருள் மிகக் குறைவு | மிகக் குறைவு | மூலத்தரவு என்றால் கடினம் |
| நிறமாலை | தெளிவாக | தெளிவாக | தொலைவு தெரிந்தால் பொருள் உண்டு | குறைவு | பொதுத்தரவு என்றால் முடியும் |
| ஒளிப்பொருத்தம் | நன்று | தனித்து நம்ப முடியாது | எப்போதும் விடை வரும், அதுவே ஆபத்து | மிக அதிகம் | வசதியாக முடியும் |

## யாருக்கு எது

எதை எடுத்தாலும் ஒரு கேள்வியைத் தவிர்த்துவிட வேண்டும்: "கருந்துளைதான் விண்மீன் பிறப்பை நிறுத்தியதா?" ஹெச்-ஆல்ஃபா சுமார் ஒரு கோடி ஆண்டுகளின் சராசரியைச் சொல்கிறது, அகச்சிவப்பு பத்துக் கோடி ஆண்டுகள் வரையிலான சராசரியைச் சொல்கிறது, கருந்துளையோ லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே எரிந்து அணைந்துவிடக்கூடியது. நாம் பார்க்கும் கணத்தில் அது அணைந்திருப்பதால் அது குற்றமற்றது என்றோ, எரிவதால் அதுவே காரணம் என்றோ 150 பேரடைகளை வைத்துச் சொல்ல முடியாது.

வியாசர்பாடி மாணவருக்கு நிரலெழுதத் தெரியும், நல்ல கணினி இல்லை. அவருக்கு நான் சொன்னது ஒளிப்பொருத்தம், அதுவும் தெற்குப் புலத்தில் மட்டும். அங்கேதான் ஹபிள், ஸ்பிட்சர், ஹெர்ஷல், சந்திரா நான்கும் ஒரே துண்டு வானத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒளிப்பொருத்தத்திலிருந்து விண்மீன் பிறப்பையும் தூசையும் எடுத்துக்கொண்டு, கருந்துளை உண்டா என்ற தீர்ப்பைச் சந்திராவின் 1,008 மூலங்களின் பட்டியலுக்கும் டான்லி எல்லைக்கும் விட்டுவிட்டால், ஒன்றின் பொய்யை இன்னொன்று காட்டிக்கொடுக்கும். பெரும்பாலான மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் இதுவே.

தண்டையார்பேட்டை மாணவி ஒவ்வொரு பேரடையாக உட்கார்ந்து பார்க்கும் பொறுமை உள்ளவர்; எண்ணிக்கையில் அவருக்கு நாட்டமில்லை. அவர் நிறமாலையை எடுக்கலாம்: மாஸ்டெஃப் தரவில் ஜே–கே எல்லையைத் தாண்டும் பேரடைகளை மட்டும் பொறுக்கி, கோடு இல்லாதவற்றையும் விடாமல் எழுதுவது என்று முடிவாகியிருக்கிறது. முனைவர் பட்டம் வரை இதே துறையில் தொடர நினைப்பவருக்கு வெப்பின் நடு அகச்சிவப்பு நல்ல முதலீடு. வெப் கண்டுபிடித்த சிறு செம்புள்ளிகள் எனப்படும் கச்சிதமான சிவப்புப் பொருள்களிலும், அவை பெரும்பாலும் செம்பெயர்ச்சி 4-க்கும் அப்பால் இருந்தாலும், அவற்றின் சிவப்பு விண்மீன்களாலா கருந்துளையாலா என்ற இதே கேள்விதான் நிற்கிறது. அவற்றில் பெரும்பாலானவை எக்ஸ் கதிரில் தென்படாமல் இருப்பது அந்தக் கேள்வியை இன்னும் கடினமாக்கியிருக்கிறது.

திருவொற்றியூர் மாணவர் ரேடியோவை விட மனமில்லாமல் இருக்கிறார். மற்ற இருவரின் பட்டியலை வாங்கி, காஸ்மாஸ் புலத்தில் அதே வகைப் பேரடைகளைப் பொறுக்கி, தென்படாதவற்றை ரேடியோ படத்தில் அடுக்கிச் சராசரி காண்பது அவருக்குப் பொருத்தமாக இருக்கும். முதல் வாரத்தில் மூவரும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பட்டியலை இறக்கி, ஜே–கே நிறத்தை ஏபி முறையில் கணக்கிட்டு, 1.3 எல்லைக்கு மேலே எத்தனை பேரடைகள் தேறுகின்றன என்று தனித்தனியே எண்ணி, அடுத்த ஞாயிறு மூன்று எண்களையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும்.